எமது அடுப்படிக்குத் திரும்பட்டும் குரக்கன்

பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்குக் காலையில் என்ன கொடுப்பது? தனியே நின்று குடும்பத்தைத் தாங்கும் ஒவ்வொரு தாயும் முதல்நாள் இரவே தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. பாண் வாங்கலாம் என்றால் கையில் காசு வேண்டும். பிட்டு அவிக்கலாம் என்றால் மா வேண்டும். இரண்டும் இல்லாத நாளில் வெறும் தேநீரைக் குடித்துவிட்டுப் பிள்ளை போய்விடுகிறது. பத்து மணிக்குள் அதற்குத் தலை சுற்றுகிறது. படிப்பில் கவனமில்லை என்று ஆசிரியர் முறைப்பாடு சொல்கிறார். பிள்ளைக்குக் கவனம் இல்லாமல் இல்லை. வயிற்றில் ஒன்றும் இல்லை.

கோதுமை எமது நாட்டில் விளைவதில்லை. கப்பலில் வந்தால்தான் எமக்கு மா. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலையும் பாணின் விலையும் ஏறியபோது, நாட்கூலியில் சீவிக்கும் குடும்பங்களே முதலில் அடிபட்டன. கடைக்காரரின் கடன் கொப்பியில் எமது பெயருக்குக் கீழே எழுதப்பட்ட கணக்கு நீண்டுகொண்டே போனதை எம்மில் பலர் மறந்திருக்க முடியாது. எமது மண்ணிலேயே, மழையை மட்டும் நம்பி விளையக்கூடிய ஒரு தானியத்தைப் பற்றி நினைத்துப் பார்க்க இது ஒன்றே போதுமான காரணம். அந்தத் தானியம்தான் குரக்கன்.

பழைய தானியம், பழகிய தானியம்

குரக்கனின் தாயகம் கிழக்கு ஆபிரிக்காவின் மேட்டுநிலங்கள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு பயிரிடப்பட்ட இத்தானியம், கடல் கடந்து தென்னாசியாவுக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் கேழ்வரகு என்றும் ராகி என்றும் சொல்வார்கள். எமக்கோ அது குரக்கன். தாவரவியலாளர்கள் இதற்கு இட்ட பெயரின் பிற்பகுதியான ‘கொரகானா’ என்பது இலங்கையில் வழங்கும் குரக்கன் என்ற சொல்லிலிருந்து பிறந்ததே. உலகம் முழுவதும் இப்பயிரை எமது நாட்டுப் பெயரால் அழைக்கின்றது என்று சொன்னாலும் பிழையில்லை.

வறண்ட வலயத்தில் காலபோகத்தோடு சேனையில் குரக்கன் விதைப்பது எமது முன்னோரின் வழக்கம். நெல்லுக்குத் தண்ணீர் போதாத வருடத்திலும் குரக்கன் ஏமாற்றாது. அதன் மணி மிகச் சிறியது, கடினமானது. நன்கு காயவைத்து வைத்தால் வண்டு இலகுவில் அரிக்காது, வருடக்கணக்கில் இருக்கும். பஞ்ச காலத்துக்கென்று ஒரு பானையில் குரக்கன் ஒதுக்கி வைத்த வீடுகள் அந்நாளில் நிறைய இருந்தன.

பின்னர் கோதுமை மா வந்தது. மலிவாகக் கிடைத்தது, குழைப்பதற்கு இலகுவாக இருந்தது, பார்வைக்கும் வெள்ளையாக இருந்தது. கறுப்புப் பிட்டு ஏழைகளின் சாப்பாடு என்ற எண்ணமும் எப்படியோ எம்மிடையே புகுந்துவிட்டது. அதன்மேல் யுத்தம். இடம்பெயரும்போது உரலையும் திருகையையும் எவரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. விதைக் குரக்கனும் போனது, சேனை நிலமும் போனது. முகாம்களில் நிவாரணமாகத் தந்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவையே. அங்கு வளர்ந்த பிள்ளைகள் இன்று தாங்களே பெற்றோராகிவிட்டார்கள். குரக்கனை எப்படிச் சமைப்பது என்று கேட்க அவர்களுள் பலருக்கு அம்மம்மாவும் இல்லை. ஆகவேதான் இதை எழுதி வைக்கவேண்டியுள்ளது.

அதில் என்ன இருக்கிறது?

100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கும் அதிகமான கல்சியம் உண்டு. அதே அளவு வெள்ளை அரிசியில் இருப்பது ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். தானியங்களுள் கல்சியத்தில் குரக்கனுக்கு நிகரானது வேறில்லை. வளரும் பிள்ளைகளின் எலும்புக்கும், கர்ப்பிணித் தாய்மாருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும் வயதில் உள்ளவர்களுக்கும் கல்சியம் மிகத் தேவை. பால் வாங்க வசதியற்ற வீட்டில் குரக்கன் பெருந்துணை. இரும்புச்சத்தும் தீட்டிய அரிசியைவிட இதில் கூட. நார்ப்பொருள் நிறைந்திருப்பதால் சாப்பிட்ட பின் பசி மெதுவாகவே வரும், மலச்சிக்கலும் குறையும்.

ஆனால் இது அதிசய மருந்து அல்ல. புரதத்தின் அளவில் குரக்கன் ஏறக்குறைய அரிசியைப் போன்றதே. 100 கிராமில் சுமார் 7 கிராம். அதனால் குரக்கனை மட்டும் தின்றால் போதாது. பயறு, கௌபி, பருப்பு, நெத்தலி, முட்டை இவற்றுள் ஏதாவது ஒன்று கூட இருக்கவேண்டும். தானியத்தில் குறைவாக உள்ள புரதக் கூறு பயறில் நிறைய உண்டு. பயறில் குறைவானது குரக்கனில் உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. குரக்கன் பிட்டும் பயறும் என்று எமது பெரியவர்கள் சேர்த்துச் சாப்பிட்டதில் நல்ல பொருள் இருக்கிறது.

இன்னொரு விடயம். குரக்கனின் தோலில் பைற்றிக் அமிலமும் தனினும் உள்ளன. அவை இரும்பையும் கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, உடல் உறிஞ்சுவதைத் தடுக்கும். இதற்கு வீட்டிலேயே வழி உண்டு. தானியத்தை ஊறவைத்தல், முளைக்கட்டுதல், மாவைப் புளிக்க வைத்தல் ஆகிய மூன்றும் இந்தத் தடையைக் குறைக்கும். சாப்பாட்டோடு தேசிக்காய், நெல்லி, கொய்யா, தோடம்பழம் போன்ற விற்றமின் சி உள்ள ஒன்றைச் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது சேராது. தேநீரை ஒரு மணித்தியாலம் பிந்திக் குடியுங்கள்.

வாங்குவதும் சுத்தம் செய்வதும்

மாவாக வாங்குவதைவிடத் தானியமாக வாங்கி, மில்லில் அரைப்பிப்பது நல்லது. கடை மாவில் கோதுமை மா கலந்திருக்கிறதா என்று அறிய, சிறிதளவை நீர் விட்டுக் குழைத்து இழுத்துப் பாருங்கள். தனிக் குரக்கன் மா இழுபடாது, உடைந்துவிடும். இழுபட்டால் கலப்பு உண்டு.

குரக்கனின் பெரிய தொல்லை மண். முதலில் சுளகில் புடைத்துத் தூசியையும் பதரையும் போக்குங்கள். பின்னர் அரிக்கன் சட்டியில் இட்டு, நீர் விட்டு, ஆட்டி ஆட்டி அரியுங்கள். தானியம் நீரோடு மேலே வரும், மண் அடியில் தங்கும். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்யவேண்டும். வாயில் ஒருமுறை மண் கடிபட்டால் பிள்ளை மறுபடி குரக்கனைத் தொடாது. ஆகவே இந்த வேலையில் மாத்திரம் பொறுமை வேண்டும். அரித்தபின் பாயில் பரப்பி வெயிலில் நன்கு காயவிட்டு அரைப்பியுங்கள். மாவை அரித்து, ஈரமில்லாத பேணியில் இறுக மூடி வையுங்கள். தானியம் வருடக்கணக்கில் இருக்கும், மா அப்படியல்ல. ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்துக்கொள்வது புத்தி.

முளைக்கட்டிய மா

சுத்தம் செய்த குரக்கனை இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் நீரை வடித்து, சுத்தமான ஈரத் துணியில் முடிந்து, நிழலில் தொங்கவிடுங்கள். இடையிடையே நீர் தெளித்துவர, ஒன்று அல்லது இரண்டு நாளில் வெள்ளை முனைகள் தெரியும். உடனே எடுத்து வெயிலில் காயவைத்து, உள்ளங்கைகளால் தேய்த்து முளைகளை நீக்கிப் புடையுங்கள். தாச்சியில் இளஞ்சூட்டில் ஒருமுறை புரட்டி எடுத்து அரைக்கவேண்டும். கருக வறுக்கக் கூடாது. முளைக்கட்டும்போது புளித்த நாற்றமோ பூஞ்சணமோ கண்டால் அதை எறிந்துவிடுங்கள். வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். மருந்துச் செலவு அதைவிடப் பெரிது.

நான்கு பக்குவங்கள்

*கீரை சேர்த்த குரக்கன் பிட்டு*

தேவையானவை: குரக்கன் மா 2 சுண்டு, சிவப்பரிசி மா 1 சுண்டு, தேங்காய்ப்பூ 1 சுண்டு, முருங்கை இலை இரண்டு கைப்பிடி, அரிந்த சின்ன வெங்காயம் சிறிதளவு, பச்சை மிளகாய் 2, உப்பு.

குரக்கன் மாவையும் அரிசி மாவையும் தனித்தனியே வாசம் வரும்வரை வறுத்து ஆறவிட்டு, உப்புச் சேர்த்துக் கலக்குங்கள். கொதித்து இளஞ்சூடாக ஆறிய நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசறுங்கள். கையில் பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிரவேண்டும். கட்டிகளைச் சுண்டினால் கொத்தி உதிர்த்து, மற்றவற்றைக் கலந்து, நீத்துப்பெட்டியில் பதினைந்து நிமிடமளவில் அவியுங்கள். நெத்தலிக் கருவாடு இருந்தால் கழுவித் துடைத்துச் சேர்க்கலாம். கறி இல்லாத நாளிலும் இந்தப் பிட்டைச் சம்பலுடன் சாப்பிடலாம்.

*குரக்கன் ரொட்டி*

குரக்கன் மா 2 சுண்டு, தேங்காய்ப்பூ 1 சுண்டு, அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிநீர் விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் குழையுங்கள். உடைந்துபோகிறதென்றால் அரைச் சுண்டு கோதுமை மா சேர்க்கலாம். எண்ணெய் தடவிய வாழையிலையில் மெல்லியதாகத் தட்டி, தோசைக்கல்லில் இருபுறமும் வேகவிடுங்கள். தடிப்பாகத் தட்டினால் உள்ளே வேகாது. பாடசாலைக்குக் கட்டிக்கொடுக்க இதைவிடச் சிறந்தது இல்லை, ஆறினாலும் சாப்பிடலாம்.

*குரக்கன் கஞ்சி*

ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி மா போதும். முதலில் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றி, அடிப்பிடியாமல் துழாவிப் பத்து நிமிடம் காய்ச்சுங்கள். இறக்குமுன் தேங்காய்ப்பால் விட்டு, உப்புச் சேர்க்கவும். கரைத்த மாவை முதல்நாள் இரவே மூடி வைத்துப் புளிக்கவிட்டுக் காலையில் காய்ச்சினால் சுவையும் கூடும், சத்தும் நன்கு சேரும். பிள்ளைகளுக்குச் சிறு பனங்கட்டித் துண்டு ஒன்று கடிக்கக் கொடுக்கலாம்.

*எள்ளுச் சேர்த்த குரக்கன் உருண்டை*

குரக்கன் மா 2 சுண்டு, வறுத்து அரைத்த பயற்றம் மா 1 சுண்டு, வறுத்து இடித்த எள்ளு அரைச் சுண்டு, வறுத்த தேங்காய்ப்பூ அரைச் சுண்டு. இந்த உருண்டையை மறுபடி வேகவைப்பதில்லை; ஆகவே குரக்கன் மாவை முதலில் ஆவியில் அவித்து, உதிர்த்து, பின்னர் ஈரம் போக நன்றாக வறுக்கவேண்டும். பனங்கட்டியைச் சிறிது நீரில் கரைத்து வடித்து, பாகு பதமாகக் காய்ச்சி, கலவையில் ஊற்றிச் சூட்டோடு உருட்டுங்கள். எள்ளிலும் கல்சியமும் இரும்பும் உண்டு. மாலையில் பிள்ளை கடைப் பிஸ்கட் கேட்டு அழும்போது கொடுக்க ஏற்றது.

குழந்தைக்குக் கொடுக்கும்போது

ஆறு மாதம் பூர்த்தியாகும் வரை தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் தாய்ப்பாலோடு மற்றைய உணவுகளையும் தொடங்கும்போது குரக்கன் கஞ்சியும் சேர்க்கலாம். சிறு வயிற்றுக்கு முளைக்கட்டிய மாவே சிறந்தது. காரணம் இதுதான்: முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதியம் மாப்பொருளை உடைக்கின்றது. சாதாரண மாவில் காய்ச்சிய கஞ்சி களிபோல் இறுகும், நாம் நீரை ஊற்றி இளக்குவோம், குழந்தையின் வயிறு நீரால் நிறைந்துவிடும். முளைக்கட்டிய மாவோ கூடுதலாகப் போட்டாலும் இறுகாது. அதே கிண்ணத்தில் குழந்தைக்குக் கூடிய சக்தி கிடைக்கும். கரண்டியைச் சரித்தால் ஓடிவிடாத பதத்தில் கொடுங்கள். மாவை மெல்லிய துணியில் அரித்து எடுங்கள். மசித்த பருப்பு, அவித்து மசித்த கீரை, சிறிது தேங்காய்ப்பால் சேர்க்கலாம். ஒரு வயது வரை சீனியும் உப்பும் வேண்டாம்.

குழந்தையின் நிறை கூடவில்லை என்றால் குரக்கனை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். கிளினிக்கில் திரிபோஷா தந்தால், அது அந்தத் தாய்க்கோ பிள்ளைக்கோ உரியது. வீட்டில் எல்லோருக்கும் பங்கிட்டால் எவருக்கும் பயன்படாது.

நீரிழிவு உள்ளவர்கள்

நீரிழிவுக்குக் குரக்கன் நல்லது என்று கேள்விப்பட்டு, காலை மாலை பெரிய கோப்பையில் குரக்கன் கஞ்சி குடிப்பவர்கள் இருக்கிறார்கள். குரக்கனிலும் பெரும்பகுதி மாப்பொருளே. மென்மையாக அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சும்போது அது விரைவில் சமித்துச் சீனியாக இரத்தத்தில் ஏறும். பரும்படியாக அரைத்த மாவில் பிட்டோ ரொட்டியோ செய்து, கீரையும் பயறும் கூடச் சேர்த்து, அளவோடு சாப்பிடுவதே நல்லது. வைத்தியர் தந்த குளிசையை நிறுத்தக் கூடாது. அதுபோலக் குருதிச்சோகைக்காக இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்கள் அதைத் தொடர்ந்து எடுக்கவேண்டும். ஆனால் குரக்கன் கஞ்சியோடு சேர்த்து எடுக்காமல் வேறு நேரத்தில் எடுங்கள்.

கடைசியாகச் சாப்பிடுபவள்

எமது வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிட்டபின், முதியவர்கள் சாப்பிட்டபின், சட்டியில் மிஞ்சியதைத் தாய் சாப்பிடுவாள். மிஞ்சாவிட்டால் தேநீர். நாம் இதைத் தியாகம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் மாதவிடாயால் இரத்தம் இழப்பவளும் அவளே, கூலி வேலைக்குப் போகிறவளும் அவளே, விறகும் தண்ணீரும் சுமப்பவளும் அவளே. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குதல், எப்போதும் களைப்பு, முகம் வெளிறுதல், தலைச்சுற்று இவையெல்லாம் வயதாவதன் அறிகுறிகள் என்று விட்டுவிடவேண்டாம். குருதிச்சோகையாக இருக்கலாம். கிளினிக்கில் ஒரு சிறு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

காணாமல்போனவருக்காகக் காத்திருப்பவளும், கணவனை இழந்தவளும், தனக்கு மட்டும் என்று ஒரு வாய் சமைப்பதில் மனம் ஒட்டாமல் இருப்பதை நாம் அறிவோம். அந்த மனநிலையைப் புத்திமதி சொல்லி மாற்ற முடியாது. ஆயினும் ஒன்று சொல்லலாம். பிட்டு அவிக்கும்போது முதல் பெட்டியில் உங்கள் பங்கையும் எடுத்து மூடி வையுங்கள். மிஞ்சுவது என்று வேண்டாம், பங்கு என்று இருக்கட்டும். இந்தக் குடும்பத்தைத் தாங்கும் தூண் நீங்கள் என்றால், தூணுக்கும் பலம் வேண்டும் அல்லவா?

வீட்டுக் காணியில் கொஞ்சம்

சிறு காணித்துண்டு உள்ளவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையோடு குரக்கன் போடலாம். நாற்றுமேடையில் வளர்த்து, இரண்டு மூன்று வாரத்தில் பிடுங்கி வரிசையாக நட்டால் விதையும் மிச்சம், களை எடுப்பதும் இலகு. மூன்று நான்கு மாதத்தில் கதிர் முற்றும். எல்லாக் கதிரும் ஒரே நாளில் முற்றாது. இரண்டு மூன்று தடவையாகக் கொய்யவேண்டும். விவசாயத் திணைக்களம் ரவி, ராவணா, ஓஷத போன்ற இனங்களைச் சிபாரிசு செய்துள்ளது. விதை பற்றி உங்கள் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள்.

புதிதாகத் துப்பரவு செய்யும் காணியாயின் மிகுந்த அவதானம் தேவை. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தாத நிலத்தில் மண்வெட்டி வைக்கக் கூடாது. குப்பையைக் குவித்து எரிப்பதும் ஆபத்து. மண்ணுக்குள் புதைந்திருப்பது சூட்டில் வெடிக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப்போய் அறிவியுங்கள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்தால் முளைக்கட்டிய மாவை விற்பனைக்கும் செய்யலாம். விலை வைக்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். 10 கிலோ குரக்கன் வாங்கினால், மண்ணும் பதரும் முளையும் போக எத்தனை கிலோ மா கிடைத்தது என்று நிறுத்துப் பாருங்கள். தானியத்தின் விலை, மில் கூலி, பை, போக்குவரத்து, உங்கள் எல்லோருடைய உழைப்புக்கும் உரிய நாட்கூலி ஆகியவற்றைக் கூட்டி, அந்த மாவின் நிறையால் வகுத்தால் ஒரு கிலோவின் அடக்கவிலை வரும். பெண்கள் தங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்க மறப்பதாலேயே பல சிறு முயற்சிகள் நட்டத்தில் முடிகின்றன. பொதியில் செய்த திகதியைக் கட்டாயம் எழுதுங்கள். முதலில் கடன் எடுக்காமல், கையிலுள்ளதில் சிறிதாகத் தொடங்கிப் பாருங்கள்.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானியங்களுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. இன்று நகரத்துப் பெரிய கடைகளில் அழகான பொதிகளில் குரக்கன் மா கூடிய விலைக்கு விற்பனையாகிறது. ஏழைகளின் சாப்பாடு என்று எம்மவர் ஒதுக்கியதை வசதி படைத்தவர்கள் தேடி வாங்குகிறார்கள். எமக்கோ அதை விளைவிக்கத் தெரிந்த மண்ணும், சமைக்கத் தெரிந்த கைகளும் இன்னும் இருக்கின்றன. உங்கள் ஊரில் குரக்கன் இடித்து, அரித்து, கூழ் காய்ச்சிய வயதான தாய் ஒருவர் இருப்பார். ஒரு மாலைப் பொழுதில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போய்க் கேளுங்கள். அவரும் சொல்ல ஆசையோடு காத்திருப்பார்.